தகவல் சொல்லப்பட்டது

தொற்றுநோயால் பதினாலு மாதம் பூட்டிக் கிடந்த எங்கள் ஆஸ்பத்திரியின் மார்பகப் பரிசோதனைப் பிரிவைத் திறந்தபோது, இயந்திரத்தைத் துடைக்க ஆள் இருந்தது. விட்டுப்போன பெண்களைக் கூப்பிட என்னை விட்டால் நாதியில்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் பெயர்கள். ஒவ்வொருத்திக்கும் போன் போட்டு, தேதி கொடுத்து, 'தகவல் சொல்லப்பட்டது' என்ற கட்டத்தில் ஒரு டிக். டிக் விழுந்த பெயர் அப்புறம் பட்டியலில் வராது. சில வீடுகளில் எடுத்தவர்கள், "அவங்க இல்லம்மா" என்றார்கள். எங்கே போனார்கள் என்று கேட்பதை முதல் நாளோடு விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் அண்ணி பெயர் வந்தது. கடைசியாக எடுத்த படத்தில் சின்னதாக ஒரு புள்ளி. ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. ஒரே வீட்டில் இருப்பவளுக்குப் போன் எதற்கு, சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று டிக் போட்டேன்.

ஆனால் நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. நோய்க் காலத்தில் நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால், அண்ணி என் தட்டை மாடிப்படியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், அவள் செய்ததில் தப்பில்லை என்று புத்திக்குத் தெரியும். மனசுதான் கேட்கவில்லை. நாய்க்கு வைப்பது போல வைத்தாளே என்று அத்தனை கோபம். அன்று சாயங்காலம் சமையலறை வாசல் வரை போனேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று வந்துவிட்டேன். அப்படியே ஐந்து மாதம் ஓடியது. மறந்துபோனேன் என்று சொன்னால் பொய். ஞாபகம் வந்தபோதெல்லாம் அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், நானும்தான்.

ஒரு காலையில் அண்ணி தானாகவே என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கட்டி மாதிரி தட்டுப்படுது. உங்க லிஸ்ட்ல என் பேரு இல்ல போலிருக்கு. இருந்தா நீ சொல்லாமலா இருந்திருப்ப?"

சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

படம் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். பத்து நாள் கழித்து முடிவு வந்தது. அக்குள் வரை பரவியிருந்தது. டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நான் நிற்க, அண்ணியைப் பிடித்துக்கொண்டார்.

"அஞ்சு மாசம் முன்னாடியே தகவல் சொல்லியிருக்காங்களே! அப்பவே வந்திருந்தா சின்ன ஆபரேஷனோட போயிருக்கும். அப்படி என்னம்மா தலை போற வேலை?"

அண்ணி என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான், அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அங்கேயே என் மானத்தை வாங்கியிருக்கலாம். வாங்க மாட்டாளா என்றுதான் நான் நின்றேன்.

"சொன்னாங்க டாக்டர். நான்தான் அசட்டையா இருந்துட்டேன்."

டாக்டர் அதையும் எழுதினார். நான் சொல்லவே இல்லை என்று மூன்று வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. வேலை போய்விடுமே என்ற பயமும் கூடவே வந்தது. எழுதி முடித்ததும் அவர் ஃபைலை நீட்டினார். நான் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன்.