ஸ்ரீ இல்லாத காகிதம்

சவரப் பிளேடை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார் எங்காத்து மனுஷர். தான் போட்ட எழுத்தைத் தானே சுரண்ட மாட்டாராம். நான் சுரண்டலாமாம். நல்ல நியாயம்!

அவர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. எங்கள் பேட்டையான மண்டி மொஹல்லாவில் பிடில் பராசரன் என்றால் எல்லாருக்கும் தெரியும். ஊமைப் படம் ஓடும் கொட்டகையில் திரைக்குக் கீழே உட்கார்ந்து, குதிரை ஓடினால் வேகமாகவும் கதாநாயகி அழுதால் மெதுவாகவும் வாசிக்கிறவர். அந்த மனுஷர் ஐரோப்பாவில் ஏதோ ஒரு சங்கீதப் போட்டி என்று கேள்விப்பட்டு, நாற்பது பேர் கூடி வாசிக்கவேண்டிய ஒன்றை மழைக்காலம் முழுக்க எழுதினார். ஜெயித்ததை அங்கே பெரிய வாத்தியக் கோஷ்டி ஒன்று சபையில் வாசிக்குமாம். அவருக்கு அது ஒன்றுதான் குறி. இங்கே கொட்டகையில் இருப்பதோ இவரும், கிளாரினெட் பசவராஜும், ஓட்டை ஆர்மோனியமும். இங்கே அதை யார் வாசிப்பார்கள்?

அது எங்கள் பெண் யதுகிரியின் மெட்டு. பால்காரி வாசலுக்கு வந்தால் போதும், தலையும் காலும் இல்லாமல் தானாகவே ஒன்றைக் கட்டி முனகிக்கொண்டு ஓடுவாள். போன வருஷம் பிளேக்கில் போய்விட்டாள். மெட்டு மட்டும் இவர் காதில் தங்கிவிட்டது. அதைப் புல்லாங்குழலுக்குக் கொடுத்திருக்கிறேன், மற்ற வாத்தியமெல்லாம் அதைத் தேடிக்கொண்டு போகும் என்றார். நமக்குக் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, ஏதோ ஒரு ஊரில் ஒரு நாள் அது சத்தமாக ஒலிக்கட்டும் என்றார். எனக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. வேறு எதற்கும் ஆசைப்பட எனக்குத் தெம்பில்லை.

இன்று சாயங்கால ரயிலில் காகிதக் கட்டு போனால்தான் பம்பாயில் கப்பலைப் பிடிக்கும். தபாலாபீசுக்கு எடுத்துப் போக வந்த பசவராஜ், காகிதங்களைப் புரட்டிவிட்டுக் கன்னடத்தில் மெதுவாகக் கேட்டார். எழுதினவரின் பெயரோ ஊரோ மதமோ தெரிகிற குறி எது இருந்தாலும் பார்க்காமலே தள்ளிவிடுவார்கள் என்று விதி இருக்கிறதே, பக்கத்துக்குப் பக்கம் மேலே இது என்ன?

ஸ்ரீ:

எங்களவர்கள் பால் கணக்கு எழுதினாலும் மேலே அதைப் போடாமல் பேனா நகராது. பெயரை அத்தனை ஜாக்கிரதையாக மறைத்து, விதிப்படி அடையாள வார்த்தையாக யதுகிரி என்று மட்டும் முதல் பக்கத்தில் இங்கிலீஷில் எழுதின மனுஷர், அதற்கு மேலேயே ஸ்ரீ: போட்டு வைத்திருக்கிறார். கை தானாகப் போட்டுவிட்டது. ஓரத்தை வெட்டலாம் என்றால் வாத்தியக் கோடுகள் உச்சிவரை ஏறியிருக்கின்றன. திரும்ப எழுத இன்னொரு மழைக்காலம் வேண்டும்.

"ஸ்ரீ இல்லாம ஒரு தடவை எழுதியாச்சு, லக்ஷ்மம்மா. இன்னொரு தடவை என்னால ஆகாது" என்றார் சுவரிடம்.

சாவுச் சேதிக்குத்தான் ஸ்ரீ: கிடையாது. போன வருஷம் மேல்கோட்டைக்கும் மற்ற ஊர்களுக்கும் இவர்தான் உட்கார்ந்து கார்டு கார்டாக எழுதினார். படித்ததும் கிழித்துப் போட்டுத் தலை முழுகவேண்டிய கார்டுகள்.

சுரண்டினேன். பெருமாள் கோபித்துக்கொள்வார் என்றால் கோபித்துக்கொள்ளட்டும். என்னிடமிருந்து வாங்கிக்கொண்டது அவருக்குப் போதாதா? மை பொடிப்பொடியாக மடியில் உதிர்ந்தது. பசவராஜ் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

முதல் பக்கத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அதையும் சுரண்டி ஊதிவிட்டுப் பார்த்தபோது கை நின்றுவிட்டது. மேலே ஒன்றுமில்லை. கீழே யதுகிரி என்ற பெயர் மட்டும். அதே கார்டு.

அவர் எப்போது திரும்பினாரோ தெரியாது. தாளை வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர், அதன் இரண்டு ஓரங்களையும் இறுகப் பிடித்தார். ஊர் ஊராக எல்லாரும் அந்தக் கார்டைக் கிழிக்க அப்படித்தான் பிடித்திருப்பார்கள்.

நான் அவர் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டேன்.

"ஏன்னா, வேண்டாம். படிச்சுட்டுக் கிழிக்கற காயிதம் இல்லை இது. வாசிக்கற காயிதம்."

அவர் விடவில்லை. நானும் விடவில்லை. வாசலில் பசவராஜ் சைக்கிள் மணியை ஒரு தடவை அடித்தார். எங்கள் இருவருக்கும் நடுவே தாள் விறைத்து நின்றது. ஸ்ரீ: இருந்த இடம் மெலிந்துபோய், அதன் வழியே ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது.