ஏறாத தோள்

அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கிறேன், கீழே ஜனம், எதிரே தேர், அவர் என் கணுக்காலைப் பிடித்திருக்கிறார், வெயில்கூட இதமாக இருக்கிறது, அவர் முகம் மட்டும் தெரியவில்லை, தோளில் இருப்பவனுக்கு முகம் எப்படித் தெரியும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன், அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள் இதைத்தான் என் வலைப்பூவில் எழுதினேன், தந்தையின் தோள்தான் நான் ஏறிய முதல் சிம்மாசனம் என்று தொடங்கினேன், எழுதும்போது அழவில்லை, அவரைத் தூக்கிப் போகும்போதும் அழவில்லை, வாசித்தவர்கள் அழுததாகப் பின்னூட்டம் போட்டார்கள், உங்கள் நடை உருக்குகிறது என்றார் ஒருவர், என் எழுத்தை அதுவரை இத்தனை பேர் படித்ததே இல்லை, ஒவ்வொருவருக்கும் நன்றி நன்றி என்று தட்டிக்கொண்டிருந்தபோது சாத்தூரிலிருந்து அழகுராணி அக்கா போன் பண்ணினாள், அவள் மகள் அதைப் படித்துக் காட்டியிருக்கிறாள், ஏலே, யாருல அது என்றாள், நம்ம அப்பாதான்க்கா, எந்த அப்பா, உனக்கு மட்டும் தனியா ஒருத்தரு இருந்தாரா, உன்ன எந்தத் தேருக்குல தூக்கிட்டுப் போனாரு, அது ஒரு அழகுக்குப் போடுறதுதான்க்கா, எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க, எல்லாரும் எழுதட்டும், எல்லாரு அப்பனுமா வத்தல் மூட்டை தூக்குனான், அவள் குரலில் கோபம் இல்லை, லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது, பாவம்ல அந்த மனுசன், செத்த பிறகும் உன்னத் தூக்கணுமா, அத எடுத்துரு, இல்ல, அவரு பேர எடுத்துரு.

வைத்துவிட்டாள், திரையில் இன்னும் இரண்டு பேர் அழுதிருந்தார்கள், விருதுநகர் மண்டியில் அப்பா லோடுமேன், மிளகாய் வத்தல் வரத்து மாதங்களில் வேர்வையோடு காரம் இறங்கிப் பிடரி வெந்து கிடக்கும், அவர் வாசலுக்கு வந்ததுமே நாங்கள் தும்முவோம், கிட்ட வராதீக, குளிச்சிட்டு வாரேன் என்பார், குளித்த பிறகும் தோளில் துண்டு பட்டால் பல்லைக் கடிப்பார், ஒருநாள் பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டேன், உதறினார், கதவில் போய் விழுந்தேன், திரும்பிப் பார்த்தார், சாப்பிட உட்கார்ந்துவிட்டார், அப்பா என்றால் எனக்கு அந்தத் தள்ளி இருக்கிற தூரம்தான், அதை எழுதினால் யார் அழுவார்கள், விரல் நீக்கு என்ற சொல்லின் மேல் கிடக்கிறது, அமுக்கிவிட்டேன், சிம்மாசனம் போயிற்று, பின்னூட்டங்களும் போயின, எனக்கு ஒன்றும் ஆகவில்லை, வெறுமையாகக் கிடந்த வெள்ளைத் திரையில் அப்பா குப்புறப் படுத்திருக்கிறார் என்று அடிக்கிறேன், அவர் படுத்திருக்கிறார், நான் அவர் முதுகில் நிற்கிறேன், சுவரைப் பிடித்திருக்கிறேன், மேல போகாதல, தோளுக்குப் போகாத, இடுப்போட நின்னு மிதி என்கிறார், மிதிக்கிறேன், எலும்பு நெறிகிறது, பாயில் புதைந்த வாயிலிருந்து ம், ம் என்று சத்தம் வருகிறது, குதிங்கால ஊனுல, ஊனித்தான்ப்பா நிக்கேன், கனமே இல்லையேல உனக்கு, நீ ஒருத்தன் பத்தாது, அக்காளையும் ஏறச் சொல்லு, அக்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வருகிறாள், நகருல என்கிறாள், என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறாள்.