முறத்துச் சாம்பல்

சபாபதி அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அண்ணன் வேலாயுதம் தறியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பிள்ளையார்பாளையத்து வீட்டில் அழுது அழுது எல்லோருக்கும் தொண்டை கட்டிப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்து, பொழுது சாய்ந்து புழக்கடைக்குப் போனவன் ஓடிவந்து அண்ணியிடம் சொன்னான்.

“அண்ணி, வானத்துல புதுசா ஒண்ணு வந்திருக்குது. நேத்து அங்க இல்ல.”

எழுபத்தைந்தாம் வருஷத்து ஆவணி மாதம். வடகிழக்கில் சிலுவை மாதிரி ஐந்து நட்சத்திரம், அதன் தலைமாட்டில் பளிச்சென்று ஆறாவது. சபாபதிக்கு வானம் பார்க்கிற பைத்தியம் உண்டு. பட்டு சொசைட்டியில் நிறம் ஒத்துப் பார்ப்பது அவன் வேலை. இரண்டு சிட்டம் பட்டு நூலைப் பக்கத்தில் வைத்து எது அடர்த்தி, எது வெளுப்பு என்று சொல்வதுபோலத்தான் நட்சத்திரங்களையும் பார்ப்பான். அதில் அவனுக்கு ஒரு பிடிவாதம். தன் கண்ணில் படாததைப் பட்டதாகச் சொல்லவே மாட்டான்.

அண்ணி கிருஷ்ணம்மாள் புழக்கடைக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்து இவனுக்குச் சந்தோஷம்கூட வந்தது, பாவி.

அன்றோடு அவள் சோறு தின்பதை நிறுத்தினாள். மோர்த் தண்ணீர்தான்.

“அன்னிக்குத் தறியில இருந்தவரச் சாப்பிட வாயான்னு கூப்பிட்டேன். இதோ வரேன்னாரு. அவரு வந்து சாப்பிடட்டும், அப்பால நான் சாப்பிடறேன்.”

நட்சத்திரமோ நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வந்தது. முதலில் சிலுவையின் தலை நட்சத்திரத்துக்குச் சமமாகப் பளிச்சிட்டது, பிறகு கால் நட்சத்திரத்தைவிடவும் மங்கிப்போயிற்று. எப்படியும் சொல்லித்தானே ஆகவேண்டும்?

“அண்ணி, அது மங்கிக்கினே போவுது.”

“மங்கல தம்பி,” என்றாள் அவள் அமைதியாக. “எறங்கி வந்துக்கினு இருக்காரு.”

அவள் கை முந்தாநாள் வானத்தைக் காட்டியது. நேற்று பக்கத்து வீட்டுத் தென்னையைக் காட்டியது. இன்று காட்டியது இவர்கள் வீட்டுக் கூரையை.

பதினாறாம் நாள் வந்தது. அண்ணன் சாய்ந்த இடத்தில் விளக்கு, தலைவாழை இலை, படையல், பக்கத்தில் ஒரு முறம். முறத்தில் சாம்பலைப் பரப்பிக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே இருக்க வேண்டும். செத்தவர் வந்துபோனால் சாம்பலில் தடம் இருக்கும். அத்தை பட்டம்மாள் சலித்த சாம்பலை அவனிடம் நீட்டினாள்.

“தடம் இல்லன்னா இவ சாப்பிட மாட்டாளாம். இன்னும் ரெண்டு நாள் இப்படியே கெடந்தா இன்னொரு பாடை கட்டணும்டா. என்ன பண்ணுவியோ, எனக்குத் தெரியாது.”

சபாபதி சற்று முன்புதான் பார்த்துவிட்டு வந்திருந்தான். வானம் துடைத்த மாதிரி இருந்தது, சிலுவையும் இருந்தது. தலைமாட்டில் ஒன்றும் இல்லை.

சாம்பலைப் பரப்பினான். அண்ணி பிழைக்கட்டும், ஒரு பொய்தானே, அந்த நட்சத்திரத்தையே தடமாக வைத்துவிடலாம் என்று விரலை நீட்டினான். பழக்கதோஷம், அக்கம்பக்கத்தை வைத்துத்தானே இடம் குறிக்க முடியும்? சிலுவையின் ஐந்து புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்தான். ஆறாவதற்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. இன்று அவன் அதைப் பார்க்கவில்லை. தன்னையே திட்டிக்கொண்டான், மறுபடி முயன்றான், விரல் இறங்கவில்லை. அப்படியே எழுந்து வந்து கதவைச் சாத்தி, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டான். உள்ளே போக வேறு வழி கிடையாது. அண்ணி அவன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

பல்லி கத்தியது. அத்தை கதவைத் திறந்தாள். கிருஷ்ணம்மாள் முறத்தின்மேல் குனிந்தாள்.

“இதோ,” என்றாள்.

சிலுவையின் தலைமாட்டில், இருக்க வேண்டிய அதே இடத்தில், ஆறாவது புள்ளி இருந்தது. மற்ற ஐந்தும் மேலோட்டமாக இருந்தன. இதில் மட்டும் சாம்பல் விலகி முறத்தின் மூங்கில் தெரிந்தது.

“கெட்டிக்காரன்டா,” என்று அத்தை அவன் காதில் முணுமுணுத்தாள். சபாபதி புள்ளிகளை மறுபடி எண்ணினான், ஆறு.

கிருஷ்ணம்மாள் இலையின் முன்னால் உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தாள், மென்றாள், விழுங்கினாள். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சபாபதி அண்ணி பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

“கொஞ்சம் தள்ளி உக்காரு தம்பி,” என்றாள் அவள், இலையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அவருக்கு எடம் வுடு.”

சபாபதி தள்ளி உட்கார்ந்தான்.