மீன் பின்னால் போன கண்மாய்

1958 பங்குனியில் கொன்றையேந்தல் கண்மாய்த் தண்ணீர் கரையேறி, நல்ல வெயிலில் தெருவழியே நடந்து, சோலையம்மாள் வீட்டு வாசலில் வந்து படுத்துக்கொண்டது. அந்த வாரம் மிளகாய் விலை இறங்கியிருந்ததால் ஊரில் விலையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

தண்ணீர் வந்த காரணம் எளியது. இரண்டு வருஷத்துக்கு முன் மீன்துறை ஆட்கள் தகர டிரம்களில் கெண்டைக் குஞ்சு கொண்டுவந்து கண்மாயில் விட்டார்கள். பிடித்தாலும் சிலதைத் திரும்ப விட்டுவிடுங்கள் என்று சொல்லிப் போனார்கள். ஊர் சிரித்தது. கைக்கு வந்த மீனை விடுகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்மாய் வற்றி மீன் அழிக்கும் நாளில் ஊரே ஊத்தாவோடு இறங்கும். அடியில்லாத அந்த மூங்கில் கூடையைச் சேற்றில் கவிழ்த்து, மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவ வேண்டும். யார் ஊத்தாவில் அகப்படுகிறதோ அது அவருக்கு. சாமியே கேட்டாலும் கிடையாது. தண்ணீர் கிளம்பிய அன்று காலையில்கூட ஒரு தகராறில், நிறைய நிலம் வைத்திருந்த பெரிய சம்சாரி மருதுபாண்டி இதைத்தான் உரக்கச் சொல்லித் தீர்த்துவைத்தார்.

சோலையம்மாள் கூலிக்காரி. செத்துப்போன புருஷன் வைத்துவிட்டுப் போனது ஓர் ஊத்தாவும் ஒரு துண்டு மேட்டுப் புஞ்சையும். ஆளுக்கொரு நாள் தண்ணீர் பாய்ச்சும் கண்மாய் முறையில் மேட்டுக்குப் பங்கு கிடையாது, தண்ணீர் மேடேறாது என்பதால். அங்கே அவளுடைய மிளகாய்ச் செடி வாடி நின்றது. அது போனால் அவளும் பிழைப்புத் தேடி வாலிநோக்கம் உப்பளத்துக்குப் போக வேண்டியதுதான். அன்று அவள் ஊத்தாவில் ஒரு பெரிய கெண்டை அகப்பட்டது. பானையில் போட்டுத் தூக்கினாள். கண்மாயில் மிச்சமிருந்த தண்ணீர் முழுவதும் பின்னாலேயே கிளம்பிவிட்டது.

மருதுபாண்டி முழங்கால் தண்ணீரில் வந்து நின்றார். "ஏத்தா, மீனைக் கொண்டுபோயி விடு. மாடு கண்ணு எங்கிட்டுக் குடிக்கும்?"

"ஊத்தாவுல விழுந்தது எனக்குத்தானங்கய்யா. காலையில நீங்கதான சொன்னீக. மொதல்ல புஞ்சைக்குப் போயிட்டு வாரேன், அப்புறம் விடுறேன்."

அவள் மேட்டில் ஏறினாள். தண்ணீரும் ஏறியது. செடி குடித்தது போக மிச்சத்தை அழைத்துக்கொண்டு சாயங்காலம் கண்மாய்க்குத் திரும்பி, மீனை விட்டாள். வீட்டில் அன்று கருவாட்டுக் குழம்பு. ஊரிலேயே பெரிய மீனைப் பிடித்தவள் கருவாடு தின்றாளே என்று கொஞ்ச நாள் கேலி நடந்தது.

மறு வருஷம் அதே கெண்டை மருதுபாண்டி ஊத்தாவில் விழுந்தது. அவர் விடுகிற ஆள் இல்லை. தன் தோட்டக் கிணற்றில் போட்டார். கண்மாய் மொத்தமும் ஓடிவந்து கிணற்றில் குதித்தது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. கமலையில் மாடு பூட்டி இறைத்தார்கள். வாய்க்காலில் கொட்டிய தண்ணீர் பருத்தியை எட்டுவதற்குள் திரும்பிக் கிணற்றுக்கே ஓடியது. மீன் உள்ளே இருக்கும்போது அதற்கு வெளியே என்ன வேலை? மாடுகள் நுரை தள்ளின. பருத்தி காய்ந்தது. ஊர் மாடுகள் வெறும் கண்மாயை மோந்து பார்த்துவிட்டுக் கத்தின. கடைசியில் மருதுபாண்டியே சோலையம்மாளைத் தேடி வந்தார்.

"ஒனக்கு என்ன வேணும், சொல்லு."

"மேட்டுக்கும் ஒரு தண்ணி முறை வேணும். எனக்கு மட்டுமில்ல, அங்கன புஞ்சை வச்சிருக்க அம்புட்டுப் பேருக்கும்."

ஊர் கூடி ஒத்துக்கொண்டது. அவள் பானையைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினாள். மீன் தானாக ஏறிக்கொண்டது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, அதை மறைக்கவும் இல்லை.

அறுபதுகளில் மேட்டுக்குக் குறுக்கே தார்ச்சாலை வந்தது. முறை நாளில் இராமநாதபுரம் பஸ் அங்கே நிற்கும். பானையைத் தலையில் வைத்துச் சோலையம்மாள் முன்னே போவாள். பின்னால் கண்மாய் போகும். புதிதாக வந்த டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

"அடிக்காதீகண்ணே, மீனு மெரளும்," என்றார் கண்டக்டர். "சாயங்காலம் விட்டுருவாக."

டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு பீடி பற்றவைத்தார்.