சாரன் பிழிந்த காகம்

கொழும்பிலிருந்து வந்த தபாலட்டையை ஸைனம்பு முதலில் வாசித்தது சந்தோஷத்தில். அதற்குப் பிறகு வாசித்ததெல்லாம் பயத்தில். 'தங்கள் சிறுகதை ஏற்றுக்கொள்ளப்பட்டது. மொழியை ஆங்காங்கே செப்பனிட்டு வரும் ஞாயிறு இதழில் பிரசுரிக்கிறோம்' என்று பத்திரிகைக்காரர்கள் எழுதியிருந்தார்கள். இரண்டு வருஷமாக இப்படி ஓர் அட்டைக்குத்தான் அவள் வழி பார்த்திருந்தாள்.

அட்டையைக் கொண்டுவந்தவள் பாண்டிருப்புச் செல்லத்தங்கம். கல்முனைப் பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். குமரானதும் ஸைனம்பு வீட்டோடும் தறியோடும் நின்றுவிட்டாள். செல்லத்தங்கம் படித்து டீச்சராகிவிட்டாள். மருதமுனையில் ஒரு குமருப்பிள்ளைக்குக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தால், அவள் கைக்கு வருமுன் ஊர் வாசித்து முடித்துவிடும். ஆகவே ஸைனம்புவின் கதைகள் போய்வருவதெல்லாம் செல்லத்தங்கத்தின் விலாசத்தில். கைத்தறிச் சேலை பார்க்கும் சாட்டில் அவள் வருவாள். மடித்த சேலைக்குள் கதை போகும். போன நாலு கதையும் போன மாதிரியே திரும்பி வந்தன. எல்லாம் ராசகுமாரிக் கதைகள். ஸைனம்பு ஒரு ராசகுமாரியையும் கண்டதில்லை என்பது கொழும்புக்கே தெரிந்துவிட்டது போலும்.

ஐந்தாவதாக, கண்டதை எழுதினாள். அவள் கண்டது காக்காவை.

அந்தக் கரையோரத்து முஸ்லிம் வீடுகளில் கூடப்பிறந்த மூத்தவனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவது. ஸைனம்புவின் காக்கா ஜவுபர். போன வாடைக்காலத்தில் அவன் போன தோணி புரண்டது. விடிந்ததிலிருந்து பின்னேரம் அஸர் தொழுகை வரை பலகைகளைப் பிடித்துக்கொண்டு கிடந்து நாலு பேரும் உயிரோடு கரைசேர்ந்தார்கள். மற்ற மூவரும் அடுத்த கிழமையே கடலுக்குப் போய்விட்டார்கள். ஜவுபருக்கு அலைச்சத்தம் கேட்டாலே கை நடுங்கியது. உம்மா யோசித்துப் பார்த்து, மகனுக்குக் காலில் அடி என்று ஊருக்குச் சொன்னாள். உம்மா சொன்ன பொய்யைக் காப்பாற்ற ஜவுபரும் நொண்டத் தொடங்கினான். படலைக்கு உள்ளே நல்ல நடை, வெளியே நொண்டல். பகல் முழுக்கத் தறி மிதிக்கிற கால் தோணிக்கு மட்டும் ஏன் உதவாது என்று ஒரு வருஷமாக எவனும் கேட்காதது அல்லாஹ்வின் ரஹ்மத்துத்தான்.

இவ்வளவையும் ஸைனம்பு எழுதினாள். 'காக்காவின் கடல்' என்று தலைப்புப் போட்டாள். இதுவும் திரும்பித்தானே வரப்போகிறது என்ற நம்பிக்கையில் அடியில் 'ஸைனம்பு, மருதமுனை' என்று சொந்தப் பேரையும் எழுதிவிட்டாள். ஊரில் இருபது ஸைனம்பு இருப்பார்கள். கடலுக்குப் போகாத காக்கா ஒருத்திக்குத்தான் இருந்தான்.

"தங்கம், தந்தி அடிச்சு நிப்பாட்ட ஏலாதா?" என்று கேட்டாள்.

"இண்டைக்குச் சனிக்கிழமகா. இதுக்குள்ள அச்சடிச்சு முடிஞ்சிரிக்கும்" என்றாள் செல்லத்தங்கம்.

மறுநாள் ஸைனம்புவுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் மட்டக்களப்பு பஸ்ஸில் வந்து சேரப் பின்னேரமாகும். வந்ததும் எதிரே முகம்மது தம்பியின் தேத்தண்ணிக் கடையில் அவரே அதை உரத்து வாசிப்பார். மந்திரி பேச்சிலிருந்து தைல விளம்பரம் வரை ஒன்றும் விடமாட்டார். ஜவுபர் அதைக் கேட்கத் தவறுவதில்லை.

"காக்கா, பாவுல நூல் அறுந்து கிடக்கு. ஒருக்காப் பாருங்களேன்."

"வந்து பாக்கிறன்" என்று போனவன், படலையைத் தாண்டியதும் நொண்டத் தொடங்கினான். அந்த நொண்டலைப் பார்க்க இன்றைக்கு அவளுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. தறியில் போய் உட்கார்ந்தாள். கை ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் போனது. பேப்பர் வழியில் மழையில் நனைந்து போகட்டும், பஸ் பழுதாகட்டும் என்று அவள் கேட்காத துஆ இல்லை. வானம் பளிச்சென்று கிடந்தது. பஸ்ஸும் நேரத்துக்கே வந்தது.

கொஞ்ச நேரத்தில் கடை குலுங்கிச் சிரித்தது. அடங்கியது. மறுபடியும் சிரித்தது.

ஸைனம்பு தறியை நிறுத்தினாள். கூடப்பிறந்தவனைக் கொண்டுபோய்ச் சந்தியில் நிறுத்திவிட்டாளே. இனி அவன் எந்த முகத்தோடு வீதியில் நடப்பான்? எழுதிய கையை வெட்டிப் போட்டால் என்ன என்றிருந்தது.

அந்த நேரத்தில்தான் செல்லத்தங்கம் தன் வீட்டுப் பேப்பரோடு ஓடிவந்தாள். அவள் முகம் அழுகிற முகமா சிரிக்கிற முகமா என்று தெரியவில்லை. "நீயே பார்" என்று நீட்டினாள்.

'காகத்தின் கடல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

கொழும்பில் எந்தப் புண்ணியவானோ, காக்கா என்பது கொச்சை என்று நினைத்துக் கண்ட இடமெல்லாம் வெட்டிக் காகம் ஆக்கியிருந்தான். வந்தார் போனாரும் வந்தது போனதாகியிருந்தன. 'எங்கள் காகம் மூன்று நாள் ஒன்றும் உண்ணவில்லை. உம்மா சோறு வைத்தார். காகம் தொடவில்லை, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது.' அதுவரைக்கும் சரி, காகத்துக்குச் சோறு வைக்காத ஊரா. அதற்கு அடுத்த வரிதான் ஆளைக் கொன்றது. 'காகம் தன் ஈரச் சாரனைப் பிழிந்து கொடியில் போட்டது.'

ஸைனம்புவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காக்கா தப்பிவிட்டார். சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடியில் இருந்த தன் பேரைப் பார்த்தாள். அச்சில் அவள் பேர் அவ்வளவு வடிவாக இருந்தது. அதன்பிறகு அழுகை வந்துவிட்டது.

"நான் இண்டைக்கே எழுதிப் போடுறன். வாற கிழமை பிழைதிருத்தம் போடுவானுகள்" என்றாள் செல்லத்தங்கம்.

"வேணாம். காகமாவே கிடக்கட்டும்."

"அப்ப உன்ட கதை? ரெண்டு வருஷம் பாடுபட்டாய். இத வாசிச்சிட்டு இனி ஆர் உன்ன மதிக்கிற?"

"மதிக்காட்டிப் போகட்டும், தங்கம்."

படலை படாரென்று திறந்தது. ஜவுபர் கடைப் பேப்பரைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தான். வீதியில் இருந்து வந்தவன் நொண்டவில்லை. அதைக் கண்டதும் ஸைனம்பு எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"எல்லாரும் சிரிச்சானுகள்" என்றான். "நானும் சிரிச்சன். சாரன் பிழியிற காகத்துக்கு ஆர் சிரிக்கமாட்டான்? பொறகு முகம்மது தம்பி அடியில உன்ட பேர வாசிச்சார். ஜவுபர், கல்முனைப் பள்ளிக்கூடத்தில படிச்ச ஸைனம்பு உன்ட தங்கச்சிதானே, அவளுக்குப் பைத்தியமா, காகத்துக்குச் சாரன் உடுத்தியிரிக்கா எண்டு கேட்டானுகள்."

சுருட்டிய பேப்பரை அவள் பக்கம் நீட்டினான்.

"நீ காக்கா எண்டுதானே எழுதின?"

"ஓம்" என்றாள். "மன்னிச்சிக்கங்க காக்கா. திரும்பி வந்திரும் எண்டு நினைச்சன். இனி எழுதமாட்டன். காகம் எண்டே இருக்கட்டும். என்னச் சிரிச்சிட்டுப் போகட்டும்."

"பிழை விட்டவன் கொழும்புல இரிக்கான். சிரிப்பு உனக்கா?" ஜவுபர் தறியில் உட்கார்ந்தான். பேப்பரை மடியில் விரித்துக் கையால் தடவித் தடவிச் சுருக்கம் எடுத்தான். "டீச்சர், திருத்தி எழுதச் சொல்லி இவ கேட்டா, போடுவானுகளா?"

"போடுவாங்க" என்றாள் செல்லத்தங்கம்.

"எழுதினா ஊருக்கே தெரிஞ்சிரும், காக்கா" என்றாள் ஸைனம்பு.

ஜவுபர் தன் காலை நீட்டிப் பார்த்தான். "ஒரு வருஷமா நொண்டி நொண்டி, இப்ப நல்ல காலே நோகுது" என்றான்.

செல்லத்தங்கம் பையிலிருந்து தாளும் பேனையும் எடுத்துக் கொடுத்தாள். ஸைனம்பு பாவுப் பலகையில் வைத்து, 'எங்கள் ஊரில் காக்கா என்றால் மூத்த சகோதரர்' என்று எழுதினாள். ஜவுபர் எட்டிப் பார்த்தான்.

"இன்னொரு பிழையும் இரிக்கி" என்றான். "மூணு நாள் திண்ணல்ல எண்டு போட்டிரிக்காய். மூணு இல்ல, அஞ்சு நாள். அதையும் திருத்து."