ஏறினோர், இறங்கினோர்

10-3-82, புதன். நேற்று ஏறினோர் முப்பத்தெட்டு என்று எழுதியது தவறு. முப்பத்தொன்பது. 7.10 வண்டியில் ஏறிய நைனாவுக்குக் கோடு போடவில்லை.

அதற்கு மேல் தணிகைவேலுக்கு எழுத வரவில்லை. வாசலில் பறைகளைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவீட்டில் நைனா தண்டபாணி பெஞ்சின்மேல் கிடந்தார். தலைமாட்டிலிருந்து எழுந்து வந்த அம்மா கோமளவல்லி அவன் கையிலிருந்த டைரியைப் பார்த்தாள்.

"இன்னாடா இப்ப எழுதிகினு கீற? பெருநகர் மாமா வந்துட்டாரு. போய் கைய குடு."

டைரியை இடுப்பில் செருகிக்கொண்டு போனான். அன்றன்று செய்த தவறை அன்றன்றே எழுதிவைக்க வேண்டும் என்று உத்திரமேரூர் மாலை வகுப்பில் கணக்குப்பதிவு வாத்தியார் சொல்லியிருந்தார். இந்தத் தவறு மட்டும் ஒரு நாள் பிந்திவிட்டது.

பஸ்ஸில் ஏறி இறங்குகிறவர்களை எண்ணும் இந்த மூன்று நாள் வேலையும் அந்த வாத்தியார் வாங்கிக் கொடுத்ததுதான். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கு விரைவு பஸ் விடப்போகிறார்கள். அது வந்தால் ஊருக்கு ஊர் நிற்கும் பழைய வண்டி கிடையாது. மூன்று நாளும் எண்ணிப் பார்த்து, நாளுக்குச் சராசரி நாற்பது பேர் ஏறுகிற ஊரில் மட்டும் புது வண்டி நிற்கும். ஓடைமேட்டில் உட்கார்ந்து எண்ணும் வேலை, அந்த ஊர்க்காரன் என்பதால் அவனுக்கு வந்தது.

நேற்றுக் காலை, பஸ் நிற்கும் சிறுபாலத்துக் கட்டையில் தாளை விரித்து உட்கார்ந்திருந்தபோது நைனா மார்பைத் தடவிக்கொண்டே வந்தார். இருபத்திரண்டு வருஷம் அந்தச் சாலையில் பள்ளம் அடைத்தவர்.

"மூச்சு மேல வரமாட்டேங்குதுடா. காஞ்சிவரம் போயி ஒரு ஊசி போட்டுகினு வந்துட்றேன்."

"நானும் வரேன் நைனா."

"நீ வந்துட்டா யாரு எண்றது? ஸ்டாப்பிங் போச்சின்னா உங்கம்மா கீரக்கூடைய தூக்கிகினு திருப்புலிவனம் வரிக்கும் ரெண்டு மைலு நடப்பாளா? உன் வேலய பாரு."

வண்டி வந்தது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நைனாவின் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். வண்டி போன பிறகு, ஏறினவர்களை ஞாபகத்திலிருந்து எண்ணிக் கோடு போட்டான்.

மாலை 6.20 வண்டியோடு கூட்டிப் பார்த்தான். ஏறினோர் முப்பத்தெட்டு, இறங்கினோர் முப்பத்தெட்டு. வகுப்பில் ஒருநாள்கூட அவனுக்கு முதல் தடவையிலேயே இரண்டு பக்கமும் ஒத்து வந்ததில்லை. பேனாவை எடுத்து அடியில் இரட்டைக்கோடு இழுத்தான். மை காய்வதற்குள், விசில் கொடுக்காமல் கண்டக்டர் இறங்கி வந்தார்.

"தணிகா, ஆஸ்பத்திரில சொல்லி அனுப்பினாங்க. உங்க நைனா மூணு மணிக்கு..."

தணிகைவேல் தாளைத்தான் பார்த்தான். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

இன்று பாலத்தில் அவனுக்குப் பதிலாகக் கூடப்படிக்கும் ஐசக் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு வண்டியும் மாலைகளோடும் அழுகையோடும் ஜனங்களை இறக்கிவிட்டுப் போனது. பெருநகரிலிருந்தும் கூரத்திலிருந்தும் உறவுக்காரர்கள், ரோடு வேலை ஆட்கள், அம்மாவிடம் கீரை வாங்குகிறவர்கள்கூட வந்தார்கள். பக்கத்து வீட்டு முனிரத்தினம் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"போவசொல்ல ஊருக்கு ஒரு ஸ்டாப்பிங் வாங்கி குடுத்துட்டு போறான்யா தண்டபாணி!"

இரண்டு பேர் சிரித்துவிட்டு, வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்கள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். பாடை பாலத்தைத் தாண்டும்வரை காஞ்சிபுரம் வண்டி ஓரமாக ஒதுங்கி நின்றது. ஐசக் எழுந்து நின்றான். தாள் முழுக்கக் கோடுகள். கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்த தணிகைவேல், அந்த வண்டியில் எட்டுப் பேர் ஏறியதை எண்ணிவிட்டிருந்தான். எண்ணி முடித்த பிறகுதான் அது அவனுக்கே தெரிந்தது.

மொட்டைத் தலையோடு குளித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது விளக்கு ஏற்றியிருந்தார்கள். ஐசக் தாளை நீட்டினான். ஏறினோர் நூற்றிருபத்தொன்று.

"கடைசி கட்டம் காலியா கீது, பாரு. திருவிழா, சந்த, சாவு, இன்னா இருந்தாலும் எழுதணுமாம். எழுதினா இந்த நாள தள்ளிட்டு, மத்த ரெண்டு நாள மட்டும் பாப்பாங்க. நா எழுதல. நீ பாத்துக்கோ."

"இன்னாத்துக்கு எழுதணும்?" என்றார் முனிரத்தினம். "வந்தவன்லாம் மனுஷன் இல்லியா? டிக்கெட் வாங்காமயா வந்தான்? உங்கப்பன் உசுரோட இருந்தா வுட்ருடான்னுதான் சொல்லுவான்."

சொல்லியிருப்பார்தான். மேலதிகாரி ஜீப் வருகிற நாளில் பள்ளத்தில் வெறும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, "ஒரு மய வரிக்கும் தாங்கும்" என்று சிரிக்கிறவர்தான் நைனா. மழை பெய்த மறுநாள் விடியும் முன்பே கூடையில் ஜல்லியோடு போய் அதே பள்ளத்தை ஒழுங்காக அடைக்கிறவரும் அவர்தான். இதில் எந்த நைனாவைக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

சுவரோரம் சாய்ந்திருந்த அம்மா கேட்டாள்:

"நேத்து உங்க நைனா ஏறினத எழுதினியா?"

அவன் கையிலிருந்த தாளை மடித்தான். ஐசக் தலையைக் குனிந்துகொண்டான்.

"கேக்கறேன் இல்ல?"

"எழுதலம்மா. மறந்துட்டேன்."

அம்மா மூலையில் கவிழ்த்து வைத்திருந்த கீரைக்கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ பந்தலைப் பிரிக்கிற சத்தம் கேட்டது.

"எழுது," என்றாள்.

நேற்றைய தாளை எடுத்தான். முப்பத்தெட்டை அழித்து முப்பத்தொன்பது என்று எழுதினான். இறங்கினோர் முப்பத்தெட்டு அப்படியே இருந்தது. இரட்டைக்கோடு மையில் போட்டது, அழியவில்லை. பிறகு இன்றைய தாளின் கடைசிக் கட்டத்தில் 'சாவு' என்று எழுதினான். யாருடைய சாவு என்று எழுத அதில் இடமில்லை. வேண்டுமா என்று யோசித்துவிட்டு, விட்டுவிட்டான்.

"போச்சி," என்று முனிரத்தினம் துண்டை உதறித் தோளில் போட்டார். "ரெண்டு நாளுக்கு எம்பது வேணும். நாளைக்கு நாப்பத்தோரு பேர எங்கேந்துடா கொண்டாருவ?"

அவர் வாசற்படி வரை போய்த் திரும்பினார்.

"எங்கூட்ல மூணு பேரு. காஞ்சிவரத்துல ஒரு வேலயும் இல்ல. சும்மா போயி வரக்கூடாதுன்னு எங்கனாச்சும் போட்டு கீதா?"

"இல்ல மாமா," என்றான். அப்படி இருக்குமோ என்று தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்தான்.

எல்லோரும் போனபின் டைரியைத் திறந்து, காலையில் நிறுத்திய இடத்துக்குக் கீழே எழுதினான்.

நாளை வியாழன். சுடுகாட்டில் பால் தெளிப்பு ஆறு மணிக்கு. முடித்துவிட்டு ஏழுக்குள் பாலத்தில் இருக்க வேண்டும். பென்சில் இரண்டு. யாராக இருந்தாலும், ஏறும்போதே கோடு போட வேண்டும்.