உப்புக் கப்பலின் மூன்றாம் பாகம்

ஆமை இணையதளத்தில் அந்தப் படங்களைப் போட்டபோது அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். மதிய இடைவேளையில்தான் பார்த்தாள். திறந்த சாப்பாட்டு டப்பாவை அப்படியே மூடினாள்.

இரண்டு படங்கள். இடப்பக்கம் 'உப்புக் கப்பல் 3' என்ற வீடியோ கேமின் முதல் அறை. வலப்பக்கம் 'கலங்கரை' என்று யாரும் கேள்விப்படாத ஒரு கேமின் முதல் அறை. அதே படிக்கட்டு. அதே உடைந்த ஜன்னல். ஜன்னலில் அதே பூனை.

கீழே ஆமை எழுதியிருந்தது: "ரெண்டும் ஒண்ணு. யாரோ பேரை மாத்தியிருக்காங்க. இது உப்புக் கப்பல் வரிசையே இல்ல. தூக்கிடலாமா?"

ரசிகர்கள் நடத்தும் அந்த இணையதளத்தில் எல்லோருக்கும் புனைபெயர்தான். ஆமை ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. 'அது' என்றே பழகிவிட்டது. அவள் பெயர் பாய்மரம். தலைமைத் தொகுப்பாளர். எந்த கேம் எந்த வரிசையில் சேரும், எது கிளைக்கதை, எது சம்பந்தமற்றது என்பதில் அவள் வைத்ததுதான் சட்டம். பத்து வருடமாக அப்படித்தான்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது அண்ணன் மூன்றாம் பாகத்தை வீட்டுக்குக் கொண்டு வந்தான். இரண்டாம் பாகத்தின் முடிவில் கப்பல் மூழ்கிவிடும். கேப்டன் என்ன ஆனார் என்று ஒரு வருடமாக அவள் அண்ணனை நச்சரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் அப்போது ஒரு சிடி கடையில் வேலை பார்த்தான். "இந்தா, வந்துடுச்சு" என்று நீட்டினான். சிடியின் மேல் மார்க்கரில் பெயரும், பெரிதாக ஒரு 3-உம்.

அதில் கப்பலே இல்லை. ஒரு கலங்கரை விளக்கம். ஒரு மனிதன். ஒரு பூனை. மனிதன் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. அவர்தான் கேப்டன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

பத்தொன்பது வயதில் தளத்தில் சேர்ந்த முதல் வாரமே அதற்கு ஒரு பக்கம் தொடங்கினாள். சில ஊர்களில் மட்டும் வெளிவந்த அரிய பதிப்பு என்று எழுதினாள். சிடியைப் படம் எடுத்துப் போட்டாள்; யாரும் இறக்கி விளையாட கேமையும் ஏற்றினாள். பிறகு 'கேப்டன் ஏன் பேசவில்லை' என்று பதினொரு பக்கக் கட்டுரை. கப்பலைத் தின்ற கடலுக்கு முன்னால் நிற்பவனுக்குப் பேச என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாள். படித்துவிட்டு அழுததாகப் பலர் எழுதினார்கள். அடுத்து வந்த உப்புக் கப்பல் கேம்களுக்கு, அதைத் தயாரிக்கும் கம்பெனி எண் போடவில்லை. தளம் போட்டது. நாலு, ஐந்து, ஆறு.

ஆமையின் படங்களுக்குக் கீழே சண்டை தொடங்கியிருந்தது.

"போன வருஷம் கம்பெனியே புதுசை ஏழாவதுன்னு அறிவிச்சுதே. மூணு இல்லாம ஏழு எங்கேருந்து வரும்?"

"கலங்கரையை விலைக்கு வாங்கி மூணாவதா விட்டிருப்பாங்க. அவ்வளவுதான்."

"ஆமை அண்ணனோ அக்காவோ, தலையை ஓட்டுக்குள்ள இழுத்துக்கோங்க. பாய்மரம் வந்தா ஓடும் மிஞ்சாது."

தளத்துக்கு மூன்று விதிகள். கம்பெனி சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. ஞாபகம் ஆதாரம் ஆகாது. ஆதாரமில்லாமல் பட்டியலில் கை வைப்பவருக்கு அதன்பின் தளத்தில் எழுத உரிமையில்லை. மூன்றையும் எழுதியவள் அவள். நாலு வருடத்துக்கு முன் ஆமை ஆசை ஆசையாகச் சேர்த்த ஒரு கேமை அவள் வரிசையிலிருந்து எடுத்தாள். அதை உருவாக்கியவரிடம் தானே பேசியதாக ஆமை மன்றாடியது. "அவரே சொன்னாரா? காகிதம் இருக்கா?" என்று ஒரே வரியில் அதன் வாயை அடைத்தாள்.

முதல் விதிப்படி அவள் ஜெயித்தாகிவிட்டது. ஆனால் கம்பெனி அந்த ஏழு என்ற எண்ணை எங்கிருந்து எடுத்திருக்கும் என்ற கேள்வி இப்போது வந்து உட்கார்ந்துகொண்டது. தளத்தைத் தவிர வேறு யாரும் எண் போடவே இல்லை.

நாளை மாலை ஆறு மணிவரை வாக்கெடுப்பு என்று அறிவித்தாள். வேலை முடிந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

அண்ணன் இப்போது லிஃப்ட் மெக்கானிக். சமையலறைத் தொட்டியில் சோப்புத் தூளைக் கொட்டி, நகத்தில் ஏறிய கிரீசைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அதே தொட்டியிலதான் நான் பாத்திரம் கழுவணும்," என்றாள் அண்ணி. "நீயாவது உங்க அண்ணனுக்குச் சொல்லு."

அவள் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அட, இந்தப் பூனை!"

"அண்ணா, இது மூணாவது பாகம்தானே?"

"எது?"

"நீ எனக்குக் கொண்டு வந்தது."

அண்ணன் சிரித்தான். "அடிப்பாவி. உனக்கு இன்னுமா தெரியாது?"

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"கலங்கரைன்னு ஒரு கேம். அறுபது சிடி வந்து தூங்குது. ஒருத்தன் சீண்டல. பேரை மாத்துடா, படத்தை மாத்துடான்னார் முதலாளி. ஒரே மதியத்துல மாத்தினேன். ரெண்டு நாள்ல காலி."

"எனக்காகச் செஞ்சியா?"

அவள் அதைக் கேட்க நினைத்திருக்கவில்லை. வாய் கேட்டுவிட்டது.

"உனக்காகவா? கடைசியா ஒண்ணு மிஞ்சிச்சு. நீதான் உசிரை வாங்கிட்டிருந்தியே, எடுத்துட்டு வந்தேன்."

"அதைப் பத்திப் பதினொரு பக்கம் எழுதியிருக்கேன், அண்ணா."

"அதுல எழுத என்ன இருக்கு?"

"கேப்டன் ஏன் பேசலன்னு."

"குரலை நான்தான் எடுத்துட்டேன். வாயைத் திறந்தா 'நான் கலங்கரைக் காவலன்'ம்பான். மாட்டிக்க மாட்டோம்?"

அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளும் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"இதை நான் அங்கே சொல்லணும்."

அண்ணன் குழாயை மூடினான். "என் பேரை இழுக்காதே. அடுத்த மாசம் சூப்பர்வைசர் ஆக்கறேன்னு சொல்லியிருக்காங்க. போலி சிடி போட்டவன்னு எவனாவது கிளப்பினா?"

"பதினேழு வருஷத்துக் கதை."

"உனக்குக் கதை. எனக்கு மானம்."

அண்ணி சிரிப்பை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தங்கை சாப்பிடாமல் கிளம்பினாள்.

மறுநாள் காலை பரிசோதனைக் கூடத்துக்குப் போகும் லிஃப்டில் தனியாக ஏறினாள். கண்ணாடிச் சட்டத்துக்குள் பராமரிப்பு அட்டை. இந்தக் கட்டிடத்து லிஃப்டும் அண்ணனின் பராமரிப்பில்தான். நாலு வருடமாகத் தினமும் பார்க்கிற அட்டை. இன்றுதான் படித்தாள். எண்ணெய் போட்டது, 13. கதவு சரிசெய்தது, 23. அந்த 3-இன் தலை தட்டையாக, கோடு கிழித்தது போல இருந்தது. சிடியில் இருந்த அதே 3. ஒவ்வொரு வரியின் முடிவிலும் அண்ணனின் கையெழுத்து.

படம் எடுத்தாள். எட்டாவது மாடியில் கதவு திறந்து மூடியது; லிஃப்ட் அவளை மறுபடி கீழே கொண்டுபோனது.

நாள் முழுவதும் பெயர்ச்சீட்டு ஒட்டினாள். சீட்டில்லாத குழாய் ஒன்று வந்தது. யாருடையது என்று அவளுக்குத் தெரியும். ஊசி குத்தி எடுத்தவளே அவள்தான். கழுத்தில் மச்சம் உள்ள பெரியவர். ஆனாலும் குப்பையில் போட்டாள். அவரை மறுபடி வரச் சொல்ல வேண்டும். சீட்டில்லாத ரத்தத்தை இங்கே யாரும் நம்புவதில்லை.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. இருக்கட்டும் என்று நாற்பத்தொரு பேர். தூக்கலாம் என்று ஆறு பேர். பொருள் அறையில், பஞ்சுப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றபடி தட்டினாள்.

"ஆமை சொல்றது சரி. பேரை மாத்தினவரை எனக்குத் தெரியும். அவரே சொன்னார்."

முதலில் பதில் எழுதியது ஆமை.

"அவரே சொன்னாரா? காகிதம் இருக்கா?"

கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். ஒருவர் எழுதினார்: "பாய்மரம் கணக்கை யாரோ திருடிட்டாங்க போல."

அவள் அட்டையின் படத்தைத் திறந்தாள். எண்ணும் அண்ணனின் கையெழுத்தும் ஒட்டிக்கொண்டிருந்தன. எண்ணை மட்டும் வெட்டிப் போடலாம். வெட்டிய படத்தை அவளே எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறாள். கட்டைவிரலை 'அனுப்பு' மேல் வைத்தாள். எடுத்தாள். படத்தை அழித்தாள்.

ஆறு அடித்தது. இருக்கட்டும் என்று முடிவானது.

அவள் பட்டியலைத் திறந்தாள். மூன்றாம் பாகத்தைப் பிடித்து இழுத்து 'சம்பந்தமற்றவை'யில் விட்டாள். நாலு மூன்றானது. ஐந்து நாலானது. ஏழு ஆறானது. காரணம் கேட்ட கட்டத்தில் 'பிழை என்னுடையது' என்று எழுதினாள். பிறகு பயனர் பட்டியலுக்குப் போனாள். மூன்றாம் விதியை வைத்து இதுவரை மூன்று பேரின் உரிமையைப் பறித்திருக்கிறாள். நாலாவதாகத் தன் பெயரைத் தொட்டாள். 'உறுதியாகவா?' என்று கேட்டது. ஆம் என்றாள்.

லிஃப்ட் வேண்டாம் என்று எட்டு மாடியும் படியிறங்கினாள்.

பஸ்ஸில் நின்றுகொண்டு போனைப் பார்த்தாள். பட்டியலில் மூன்றாம் பாகம் மூன்றாவதாகவே இருந்தது. மாற்றங்களின் வரலாற்றில் கடைசி வரி: 'ஆதாரமின்றி மாற்றப்பட்டது. மீட்கப்பட்டது. ஆமை.'

தனியாக ஒரு செய்தியும் வந்திருந்தது.

"உங்களை நான் நம்பறேன், பாய்மரம். ஆனா நம்பறது ஆதாரம் இல்லையே."

கட்டுரையைத் திறந்தாள். கீழே யாரோ ஒருவர் பத்து நிமிடத்துக்கு முன் எழுதியிருந்தார். புதியவர். 'இன்னிக்குதான் விளையாடி முடிச்சேன். உடனே இதைப் படிச்சேன். அவர் ஏன் பேசலன்னு இப்பதான் புரிஞ்சுது. அழுதுட்டேன்.'

பதில் சொல்ல விரலை வைத்தாள். எழுதும் கட்டம் அங்கே இல்லை.